கொலன்னாவையில் ஒரு சயாம்

அத்தியாயம் பதினொன்று

இலங்கைத் தீவில் வாழும் தமிழ்ப் பெருமக்கள் சகலருக்கும், அடக்கவொண்ணாத் துயரத்துடனும் அளவில்லாப் பெருமிதத்துடனும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: சயாம் தேசத்துக் காடுகளில் யப்பானியப் பாதகர்கள் எம்மவரை வதைத்துப் போட்ட இருப்புப்பாதையின் மெய்ச் சரித்திரம், உள்ளது உள்ளபடி, ஒரு மயிரிழையும் பிசகாமல், கொலன்னாவையில் படமாக்கப்பட்டு வருகின்றது. காண்போர் கண்ணீர் வடிப்பது திண்ணம். கைக்குட்டை கொண்டு வருக. இடைவேளையில் சோடாவும் கட்லற்றும் கிடைக்கும்.

இந்த அறிவித்தலை எழுதியவர் வெள்ளவத்தை நாகேந்திரம். கட்லற் வசனத்தை அச்சுக்கூடக்காரர் தாமாகச் சேர்த்துவிட்டார் என்று அவர் சொல்கிறார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

சென்ற வாரம் வாசிக்கத் தவறியவர்களுக்கும், வாசித்துவிட்டு மறந்தவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாகேந்திரம் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர். மூன்று சங்கங்களுக்குத் தலைவர். நாலாவது சங்கம் ஒன்று தொடங்கப்படுமானால் அதற்கும் அவரே. அவருடைய ஒரே மகன் ஸ்ரீஸ்கந்தராசா, யுத்தம் தொடங்கிய வருஷம், கொட்டாஞ்சேனையில் யோசெப்பின் என்ற கத்தோலிக்கப் பெண்ணைக் கலியாணம் செய்தான். எனக்கு மகன் இல்லை என்று நாகேந்திரம் அன்றே அறிவித்தார். அவர் எதையும் சும்மா சொல்வதில்லை, அறிவிப்பார்.

மகன் மலாயாவுக்கு ரயில்வே உத்தியோகத்துக்குப் போனான். யப்பானியர் வந்தார்கள். அவனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்து, கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை.

அதன் பிறகு அவன் மறுபடியும் நாகேந்திரத்துக்கு மகனானான். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் "என் ஏக புத்திரனை இனத்துக்கு ஈந்தேன்" என்று தொடங்கினார். ஆனால் வீட்டில் அந்தியேட்டி இல்லை. திவசம் இல்லை. மண்டபத்தில் தொங்குகிற படத்துக்கு மாலை இல்லை. திகதி தெரியாமல் என்னத்தைச் செய்வது என்பார். மேடையில் மகன் இறந்துவிட்டான். வீட்டில் இன்னும் இறக்கவில்லை.

போன வாரம் றவூப் என்பவர் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். மலாயாவில் புடவைக் கடைக் கணக்கப்பிள்ளையாக இருந்து, அதே காட்டுக்குப் போய், தப்பி வந்தவர். யோசெப்பினிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், வாந்திபேதியில் போன ஸ்ரீஸ்கந்தராசாவைத் தானும் இன்னும் இரண்டு பேருமாகப் புதைத்ததாக. பிறகு அவர் வெள்ளவத்தைக்கும் போனார். வதந்தி பரப்புகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்று நாகேந்திரம் அவரைப் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் சயாம் பாதையைப் பற்றிப் படம் எடுக்கிறார். டைரக்டரும் கமராக்காரரும் யோசெப்பினின் தம்பி கிளறன்ஸ். கொட்டாஞ்சேனையில் படப்பிடிப்பு நிலையம் வைத்திருப்பவர். பட்டாளத்தார் ஊரைவிட்டுப் போகிறபோது ஏலம் போட்ட சாமான்களில் ஒரு கமராவும் சில பிலிம் டப்பாக்களும் அவர் கைக்கு வந்தன. சாமான் வந்த பிறகுதான் இலட்சியம் வந்தது.

கிளறன்ஸ் மூலமாகவே நாகேந்திரம் ஒரு சேதி அனுப்பியிருந்தார். படத்தின் கடைசிக் காட்சியில், தந்தி கிடைத்துக் கதறுகிற மனைவியாக, உண்மையான மனைவியே நடிக்க வேண்டும். நடித்தால் அவளையும் ஆறு வயது மகள் அற்புதத்தையும் வெள்ளவத்தை வீட்டுக்கு முன்வாசலால் அழைப்பார்.

யோசெப்பின் மூன்று இரவு யோசித்தாள். பிறகு வெள்ளைச் சேலையை எடுத்து வெளுக்கப் போட்டாள்.

---

சனிக்கிழமை காலை. பங்குக் கோயில் பாடசாலை இல்லாத நாள். ஆசிரியை யோசெப்பின் சேலைக்கு அயன் போட்டுக்கொண்டிருக்க, கிளறன்ஸ் பாணுக்குச் சம்பல் தொட்டுக்கொண்டு இலட்சியம் பேசினார்.

அவர் கெட்டவர் அல்ல. அதை இங்கே எழுதி வைத்துவிட வேண்டும், பின்னால் எழுத எனக்கு மனம் வராமல் போகலாம்.

"வெள்ளைக்காரக் கைதியளுக்கு அங்கை சேமக்காலை கட்டியாச்சு, அக்கா. ஆளுக்கொரு சிலுவை, ஆளுக்கொரு பேர். எங்கட சனம் அவையளைவிட எவ்வளவோ கூடச் செத்தது. எங்கட சனத்துக்கு என்ன இருக்கு? ஒரு படமாவது இருக்கட்டும்."

"படத்திலை அவையின்ரை பேர் வருமோ?"

கிளறன்ஸ் பாணை மென்றார். முதலில் நாகேந்திரத்தின் பேர் வரும், பிறகு மூன்று சங்கங்களின் பேர் வரும், பிறகு பிலிம் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதைப் பொறுத்தது என்றார்.

போன வருஷம் இரண்டு பேருமாக ஒரு தியேட்டருக்குப் போயிருந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால் செய்திப் படம் ஓடியது. ஐரோப்பாவில் ஜெர்மன்காரர் வைத்திருந்த முகாம்கள். விறகுபோல் அடுக்கிய உடம்புகள். சபை முழுவதும் கச்சான் கடலை கொறிப்பதை நிறுத்திவிட்டது. பிறகு பெரிய படம் தொடங்கி, ஒரு பெண் படிக்கட்டில் ஆடிக்கொண்டு இறங்க, கச்சான் சத்தம் மறுபடி கேட்டது.

கிளறன்ஸ் அன்றிலிருந்து சபை கொறிப்பதை நிறுத்தியதைப் பற்றியே பேசுகிறார். யோசெப்பினுக்கு மறுபடி தொடங்கியதுதான் ஞாபகம்.

"அழுவியோ?" என்று தம்பி கேட்டார்.

அவள் அயன் பெட்டியின் கரியை ஊதினாள். றவூப் வந்துபோன பிறகும் அவள் அழவில்லை என்பது தம்பிக்குத் தெரியும். பிள்ளையின் முன்னால் அழுவதில்லை என்று நினைத்திருந்தாள். பிள்ளை நித்திரையான பிறகும் வரவில்லை. இன்று பகல் ஒரு மணிக்கு, வெயில் நன்றாக இருக்கிறபோது, கமராவுக்கு இடப்பக்கமாக நின்று அழ வேண்டும்.

"முன்வாசல் எண்டு சொன்னவர்தானே?" என்றாள்.

"ஓம். ரெண்டு தரம் கேட்டனான்."

---

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால், பாவனையில் இல்லாத ஒரு துண்டு இருப்புப்பாதை கிடந்தது. அதுதான் சயாம். தாங்கிகள் தெரியாமலிருக்கக் கிடுகு கட்டி மறைத்திருந்தார்கள். காட்டுக்கு வாழை மரங்கள் நட்டிருந்தார்கள். ஒன்று குலை தள்ளியிருந்தது.

யப்பானியச் சிப்பாய்களாக நடிக்க, கொழும்பில் சைக்கிளில் புடவை விற்கும் சீனர் இருவரை முதலில் கேட்டுப் பார்த்தார்கள். யப்பானியர் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள் என்பதை அந்த இருவரும் கைகளாலேயே விளக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். அதன் மேல் வெள்ளவத்தை நாடக மன்றத்து அங்கத்தவர் இருவர் இன நன்மைக்காக மீசையை மழித்துக்கொண்டார்கள்.

கதாநாயகன் ஸ்ரீஸ்கந்தராசாவாக நடிப்பவர் கிருலப்பனையைச் சேர்ந்த ஒரு வங்கி லிகிதர். நல்ல முகவெட்டு. ஆனால் யுத்த காலத்துக் கூப்பன் அரிசி அவரை மட்டும் எப்படியோ வாட்டவில்லை. பட்டினியில் சாகிற காட்சியை அவரை வைத்து எடுத்தால் சபை சிரிக்கும் என்று கிளறன்ஸ் பயந்தார். ஆகவே முகம் வரும் இடமெல்லாம் வங்கி. முதுகு வரும் இடமெல்லாம் மட்டக்குளி.

மட்டக்குளி முதுகின் பெயர் சுடலைமுத்து. தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்து, மட்டக்குளியில் இருந்துகொண்டு கிடைத்த கூலிக்குப் போகிறவர். மற்றக் கூலியாட்களும் அந்தப் பக்கத்தார்தான். ஒல்லியானவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். அதில் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் பிறகு வந்தது. முதல் கிழமை நாகேந்திரம் தாராளமாக மத்தியானச் சோறு போட்டார். மீன் குழம்பு, பருப்பு. ஏழாம் நாள் கிளறன்ஸ் கமராவுக்குள் பார்த்துவிட்டு, ஐயா, ஆட்கள் மினுங்குகிறார்கள் என்றார். விலா எலும்பு தெரியவில்லை. திங்கட்கிழமை செத்தவன் வெள்ளிக்கிழமை தொப்பையுடன் தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டை சுமக்கிறான்.

நாகேந்திரம் தத்ரூபத்தில் நம்பிக்கை உள்ளவர். படப்பிடிப்பு முடியும்வரை பகல் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். சரித்திரத்துக்கு நாம் துரோகம் செய்யக்கூடாது என்று ஆட்களைக் கூட்டி விளங்கப்படுத்தினார். அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கைதட்ட வேண்டுமா என்று ஒருவருக்குச் சந்தேகம்.

யோசெப்பின் வந்தபோது நாகேந்திரம் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் இருந்தார். மருமகளைப் பார்த்து எழும்பவில்லை. ஆனால் மற்ற நாற்காலியில் வைத்திருந்த குடையை எடுத்துக் கீழே வைத்தார். ஏழு வருஷத்தில் அவர் அவளுக்குச் செய்த முதல் மரியாதை அது. அவள் அதில் இருந்தாள்.

அவர் மடியில் ஒரு கட்டுத் தாள். மகன் சாகும்போது பேசுகிற வசனம். "தாயகமே, தமிழ்க் குலமே" என்று தொடங்கிப் பல பக்கங்கள் போனது. இது பேசாப் படம் என்று கிளறன்ஸ் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். அதனாலென்ன, படம் ஓடும்போது திரைக்குப் பின்னால் நின்று நானே வாசிப்பேன் என்பது நாகேந்திரத்தின் தீர்மானம். நேரம் சரிவருகிறதா என்று பார்க்க, இன்றைக்கும் தகரக் குழல் ஒன்றை வாயில் வைத்து வாசிக்க ஆயத்தமாக இருந்தார்.

வாழை மரங்களுக்குப் பின்னாலிருந்து சுடலைமுத்து வந்தார்.

யோசெப்பின் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் போட்டிருந்தது ஸ்ரீஸ்கந்தராசாவின் சேட். கழுத்துப் பட்டியில் நீல நூலால் தைத்த, முழுக்கை வெள்ளைச் சேட். அவளைப் பெண் கேட்டு வந்த அன்று, கேட்க யாரும் கூட வராததால் தானே தன்னைப் பற்றிச் சிபாரிசு செய்துகொண்டு, அந்தச் சேட்டுடன்தான் அவன் இருந்தான். தாய் பெட்டிக்குள் வைத்திருந்ததை நாகேந்திரம் தத்ரூபத்துக்காக எடுத்து வந்திருந்தார். முழங்கையில் கிழித்து, சேறு பூசியிருந்தார்கள்.

முகம் தெரியாதபடி அவரை மறுபக்கம் திருப்பி நிறுத்தினார்கள். தோளில் கட்டையை ஏற்றினார்கள். இரண்டு முறை விழுந்து எழும்ப வேண்டும், மூன்றாம் முறை எழும்பக்கூடாது என்று கிளறன்ஸ் சொல்லிக் கொடுத்தார். மீசை மழித்தவர் பிரம்பை ஓங்கினார். கமரா சுழலத் தொடங்கியது.

"தாயகமே," என்றார் நாகேந்திரம், குழலுக்குள்.

சுடலைமுத்து முதல் முறையே விழுந்தார். எழும்பவில்லை.

விழுந்த விதம் யாருக்கும் பிடிபடவில்லை. நாடக மன்றத்தில் அப்படி விழமாட்டார்கள். கையை முதலில் ஊன்றுவார்கள். இவர் முகத்தால் போய்ச் சரளைக்கல்லில் விழுந்தார். கட்டை ஒரு பக்கமாக உருண்டது. நடிப்பென்றால் இதுவல்லவா என்று வங்கி லிகிதர் மெதுவாகச் சொன்னார். கிளறன்ஸ் கையை நிறுத்தாமல் சுழற்றினார். நாகேந்திரம் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தார்.

அந்த முதுகு மூச்சு விடுகிறதா என்று பார்த்தவள் யோசெப்பின் ஒருத்திதான். அவள் எழுந்து, கமராவுக்கும் செத்தவனுக்கும் நடுவில், வெள்ளைச் சேலையுடன் நடந்து போனாள். கிளறன்ஸ் "அக்கா" என்று கத்தினார். அவள் கீழே உட்கார்ந்து சுடலைமுத்துவைப் புரட்டி, தலையை மடியில் எடுத்து வைத்தாள். நெற்றியிலிருந்து இரத்தம். உதட்டில் நுரை.

கதாநாயகனுக்கென்று போத்தலில் பாலில்லாமல் சீனி போட்ட பிளேன்ரீ வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு மிடறு உள்ளே போன பிறகு கண் திறந்தது.

"எப்ப சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

அவர் மடியிலிருந்து எழும்பப் பார்த்தார். பெரிய வீட்டு அம்மாவின் சேலை அழுக்காகிறதே என்ற கவலை அவருக்கு. "நேத்து ராத்திரி பாணுங்கம்மா. மத்தியானம் வேணாம்னு ஐயா சொல்லிட்டாங்க. படத்துல மெலிவா தெரியணுமில்லீங்களா." பிறகு, தன் மேல் ஏதும் பிழை வந்துவிடுமோ என்று பயந்தவர் போல, "மூணாந்தரம்தான் விழச் சொன்னாங்க, எனக்கு முந்தியே வந்திடுச்சு" என்றார்.

குழல் சத்தம் நின்றிருந்தது. நாகேந்திரம் தாள்களைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

யோசெப்பின் நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, பாடசாலையில் பாலர் வகுப்புடன் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"மாமா, அங்கையும் ஒரு பெரிய மனிசர் நிண்டிருப்பார். இவங்களுக்குச் சோறு வேண்டாமெண்டு சொல்லியிருப்பார். அவரும் ஒரு நல்ல காரணம் வைச்சிருப்பார்."

கொலன்னாவையில் அந்த நேரம் ஒரு காகம் கத்தியதாகவோ காற்று நின்றதாகவோ எழுதலாம். அப்படி ஒன்றும் இல்லை. தாங்கிகளின் பக்கம் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நாகேந்திரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மடியில் கிடந்த சேட்டைப் பார்த்தார். கழுத்துப் பட்டியில் இரத்தம் ஊறியிருந்தது. தலைப்பாகையை ஒரு கையால் கழற்றினார், எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

"எல்லாருக்கும் சாப்பாடு எடுப்பியுங்கோ," என்றார். "இப்ப."

---

கூப்பன் அரிசி முடிந்துவிட்டதால் பாணும் பருப்பும் வந்தன. ஆட்கள் கிடுகு நிழலில் இருந்து சாப்பிட்டார்கள். சுடலைமுத்துவின் நெற்றிக்கு யோசெப்பின் துணி கட்டிவிட்டாள். மீசை மழித்தவர்களும் பாணுக்குக் கை நீட்டினார்கள்.

கிளறன்ஸ் கமராவிலிருந்து சுருளைக் கறுப்புத் துணிக்குள் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். அதை எறியச் சொன்னாள் அக்கா.

"நான் எடுத்ததிலை உண்மையானது இது ஒண்டுதான், அக்கா. இதைப் பார்த்தா ஒருத்தரும் கச்சான் கொறிக்கமாட்டினம்."

"பட்டினி போட்டு எடுத்தா உண்மையாத்தானே வரும்."

கிளறன்ஸ் டப்பாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பதில் இல்லாதபோது மனிதர்கள் பொருட்களைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

நாகேந்திரம் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார். கோட்டுடன் அவர் தரையில் உட்கார்ந்ததை இதற்கு முன் யாரும் கண்டதில்லை. வசனத் தாள்களை மடியில் வைத்து நுனியை மடித்து மடித்து நேராக்கிக்கொண்டிருந்தார். வெகு நேரத்துக்குப் பிறகு கிளறன்ஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவன் சாக வேண்டாம்."

கிளறன்ஸுக்கு விளங்கவில்லை. நோட்டீசு அடித்தாயிற்று, ஐயா, என்றார். கைக்குட்டை என்றுகூடப் போட்டிருக்கிறோம். அந்தப் பாதையில் செத்த ஆயிரமாயிரம் பேரைப் பற்றின படம் இது, சாகாவிட்டால் என்ன படம்?

"மற்றவை சாகட்டும். இவன் சாக வேண்டாம்."

சொல்லிவிட்டு, அதைக் கேட்டவர்கள் யாரென்று சுற்றிப் பார்த்தார். பாண் தின்றுகொண்டிருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மற்றவர்கள் அவர்கள்தான்.

பிறகு அவர் வேகமாகப் பேசத் தொடங்கினார். பழைய நாகேந்திரம் திரும்பி வந்தார். கதையின் முடிவை மாற்றிவிடலாம். மகன் தப்பி வருகிறான். தகப்பன் மனம் மாறுகிறான். மருமகளும் பேத்தியும் முன்வாசலால் வருகிறார்கள், தாய் ஆலாத்தி எடுக்கிறாள். வேறு இடம் தேட வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலேயே எடுக்கலாம். இன்றைக்கே, வெயில் சாயமுன். பிள்ளையையும் கொட்டாஞ்சேனையிலிருந்து கூட்டி வாருங்கள். இதையெல்லாம் கிளறன்ஸுக்குச் சொன்னார். கடைசியில் ஒரு வசனத்தை மட்டும் யோசெப்பினின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"வெள்ளை வேண்டாம். நிறச் சேலை கட்டிக்கொண்டு வரவேணும்."

அவளுக்கு விளங்கிவிட்டது. புருஷன் உயிரோடிருக்கிறவளுக்குத்தான் வாசலில் ஆலாத்தி எடுப்பார்கள். இது வெள்ளவத்தைக்கும் தெரியும், கொட்டாஞ்சேனைக்கும் தெரியும். இந்த மனிதர் அவளை விதவையாக அல்ல, மகன் வரும்வரை காத்திருக்கிற மனைவியாக வீட்டுக்குள் எடுக்கப் பார்க்கிறார். அதற்கு ஒரு படம் வேண்டியிருக்கிறது.

றவூப் சொன்னதை யோசெப்பின் இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் அவளுடைய இடத்தில் இருந்தால் சொல்லியிருப்போம். மற்றவர்களுடைய இடத்தில் இருக்கும்போது நாங்கள் மிகவும் துணிவானவர்கள்.

அவள் வாயைத் திறந்தாள். "அற்புதத்துக்கும் ஒரு நல்ல சட்டை போட வேணும், அஞ்சு மணியாகும்" என்றாள்.

---

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் அந்த வீடு. யோசெப்பினைப் பின்பக்கத்தால் கூட்டிப் போனார்கள், முன்வாசல் காட்சிக்கு உடுத்துவதற்காக. அதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

நாகேந்திரத்தின் மனைவி, இன்றுவரை மருமகளுடன் ஒரு வார்த்தை பேசாதவர், உள்ளறையில் மாம்பழ நிறக் கூறைச்சேலை ஒன்றுடன் நின்றார். கதவைச் சாத்தினார். தன் கையாலேயே கொசுவம் பிடித்தார். ஊசி இரண்டு தரம் கீழே விழுந்தது. யோசெப்பின் வாங்கித் தானே குத்திக்கொண்டாள்.

மாமி குங்குமச் சிமிழை எடுத்தார். விரலில் தொட்டார். நெற்றிக்குக் கொண்டுவந்து, வைக்காமல் நிறுத்தினார்.

"அந்தச் சோனகத் தம்பி, றவூப், இஞ்சையும் வந்தவர், பிள்ளை," என்றார். "இவர் படலையாலை திருப்பி அனுப்பின பிறகு, பின்னாலை கோடிப் பக்கமா வந்தவர். எனக்குச் சொன்னவர். எந்தப் பக்கம் தலை வைச்சுப் புதைச்சதெண்டுகூடக் கேட்டனான்."

யோசெப்பின் மாமியின் விரலில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள்.

"இவருக்குத் தெரிய வேண்டாம்," என்றார் மாமி. "எனக்குத் தெரியுமெண்டும் தெரிய வேண்டாம்."

குங்குமத்தை வைத்தார். மூக்கில் சிந்திய துகளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதே தலைப்பால் தன் கண்ணையும் ஒற்றிக்கொண்டு, ஆலாத்தித் தட்டை எடுக்கப் போனார்.

ஒழுங்கையில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். படம் எடுக்கிறார்களாம் என்று பேசிக்கொண்டார்கள். மருமகள் வருகிறாளாம் என்று யாரும் பேசவில்லை. கிளறன்ஸ் மதிலோரமாகக் கமராவை நிறுத்தியிருந்தார். வங்கி லிகிதர் குளித்துப் பவுடர் போட்டு, சயாமிலிருந்து தப்பி வந்தவராக ஒரு பெட்டியுடன் நின்றார்.

யோசெப்பின் அற்புதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு படலையிலிருந்து நடந்தாள். வாசற்படியில் நின்றாள். மாமி மூன்று முறை தட்டைச் சுற்றினார். அந்தப் பெண்களில் ஒருத்தி மகனைப் புதைத்த செய்தியைக் கேட்டவள், மற்றவள் கணவனைப் புதைத்த செய்தியைக் கேட்டவள். இரண்டு பேரும் சுடரையே பார்த்தார்கள்.

நாகேந்திரம் நிலைக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு இந்தக் காட்சியில் வசனம் எழுதப்படவில்லை. பேசாப் படத்தில் அதற்கு அவசியமும் இல்லை. அவர் குனிந்து, பேத்தியின் தலையில் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை.

"உள்ளுக்கு வா, மோளே," என்றார் யோசெப்பினிடம். கூட்டத்தில் பேசுகிற குரல் அல்ல அது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

யப்பானியர் மலாயாவுக்கு வந்ததிலிருந்து ஐந்து வருஷமாக வராத அழுகை அவளுக்கு அந்தப் படியில் வந்தது. வெயிலில் இடப்பக்கம் நின்று அழவேண்டியிருந்தபோது வராதது. மாமியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமியும் அழுதார். நாகேந்திரம் தலைப்பாகையைச் சரிசெய்கிற பாவனையில் கண்ணைத் துடைத்தார். அற்புதம் யார் முதலில் நிறுத்துவார்கள் என்று மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கிளறன்ஸ் கமராவின் கைப்பிடியை நிறுத்தினார்.  மாமியின் முதுகு மறைத்துவிட்டது என்றார். தவிர, புருஷன் உயிரோடு திரும்பி வருகிற வீட்டில் இப்படி அழமாட்டார்கள், அக்கா.

 மாமி தட்டில் திரியைத் தூண்டினார். யோசெப்பின் முகத்தைத் துடைத்தாள், குங்குமம் கலைந்ததை நேராக்கினாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் படலைக்கு வெளியே போனாள். கிளறன்ஸ் கையைக் காட்டியதும் மறுபடி வந்தாள்.

இரண்டாவது முறை யாரும் அழவில்லை. படத்துக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.